அம்மா கிட்னி பேஷண்ட், ஹீமோகுளோபின் 8, பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் குடுத்தா ஏறுமா?

அம்மாவுக்கு நல்லது நினைச்சுதான் கேக்குறீங்க, ஆனா தயவுசெஞ்சு டாக்டரை கேக்காம அதை ஆரம்பிக்காதீங்க. ரத்தம் ஊறணும்னா எரித்ரோபாய்ட்டின்னு ஒரு ஹார்மோன் வேணும், அதை சுரக்கிறதே கிட்னிதான், கிட்னி பழுதானா அதுவும் கொறைஞ்சிடும், அதனால எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் ஹீமோகுளோபின் பெருசா ஏறாது. அதோட பேரீச்சை, கீரை, மாதுளை, இளநீர் எல்லாத்துலயும் பொட்டாசியம் ஜாஸ்தி, ரத்தத்துல அது கூடிட்டா இதயத் துடிப்பே தாறுமாறாயிடும்.

முதல்ல உடம்புல இரும்புச்சத்து எவ்வளவு இருக்குன்னு காட்டுற ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் ரெண்டு டெஸ்ட்டும் பண்ணுங்க. இரும்புச்சத்து கம்மின்னா மாத்திரையோ ஊசியோ குடுப்பாங்க, அப்புறமும் ஏறலைன்னா எரித்ரோபாய்ட்டின் ஊசி. அந்த ஊசி போடுறப்போ பிபி ஏறலாம், வீட்லயே பாத்து எழுதி வைங்க. ஹீமோகுளோபின் பொதுவா 10லேர்ந்து 11.5 வரைக்கும் வந்தா போதும், 13க்கு மேல ஏத்தினா பக்கவாத ரிஸ்க் கூடும்.

எங்க வீட்ல அப்பாவுக்கு காயை பொடிசா நறுக்கி, நெறைய தண்ணில வேகவெச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டுதான் தாளிப்போம், பொட்டாசியம் ஓரளவு எறங்கிடும். முட்டை வெள்ளைக்கரு எவ்வளவுன்னு டயட்டீஷியன்கிட்ட கேளுங்க, டயாலிசிஸ் ஆரம்பிச்சவங்களுக்கு புரோட்டீன் கூடுதலா வேணும், ஆரம்பிக்காதவங்களுக்கு அளவா. இரும்பு மாத்திரை போட்டதும் டீ வேண்டாம், சத்து ஏறாது. சோடியம் கம்மின்னு விக்கிற உப்பும் வாங்காதீங்க, அதுல பொட்டாசியம்தான் இருக்கு.