ரோசா பார்க்ஸ் அன்று களைத்திருந்தாரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். போன வாரம் பத்தாம் வகுப்பில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ரோசா பார்க்ஸ் கதையைச் சொன்னேன். நாள் முழுக்கத் தைத்துக் களைத்துப்போன ஒரு பெண், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்தார், கைதானார், மக்கள் கொதித்தெழுந்தார்கள், மார்ட்டின் லூதர் கிங் தலைமை ஏற்றார் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "அந்த அம்மாவுக்கு அன்னைக்கு அலுப்பா இல்லாம இருந்திருந்தா என்ன சார் ஆயிருக்கும்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

அப்புறம் எனக்கே இரண்டு சந்தேகங்கள். 381 நாட்கள் பஸ் ஏறாமல் இருந்தார்கள் என்கிறார்கள். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்களால் அது எப்படி முடிந்தது? இன்னொன்று, இந்தப் போராட்டம் காந்தியிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்கிறோம். அது எவ்வளவு தூரம் உண்மை?

க.

அன்புள்ள க.,

அந்த மாணவிக்கு என் பதில் இது: அன்றைக்கு நடக்காவிட்டால் வேறொரு நாள், வேறொரு பெண்ணை வைத்து நடந்திருக்கும். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் அதற்கான ஏற்பாடு ஒன்றரை ஆண்டாகவே நடந்துகொண்டிருந்தது.

முதலில் அந்தக் களைப்பு விஷயம். பார்க்ஸ் தன் சுயசரிதையில் அதை நேரடியாகவே மறுத்திருக்கிறார். வேலை முடிந்து வரும்போது எப்போதும் இருக்கிற அலுப்புக்கு மேல் அன்று ஒன்றும் இல்லை, எனக்கு வயதாகியும் விடவில்லை, 42தான், விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தேன் என்கிறார். அவர் ஒரு பெரிய பல்பொருள் கடையில் தையல் வேலை பார்த்தது உண்மை. ஆனால் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளைக்கு அவர் 1943இலிருந்தே செயலாளராக இருந்தவர். 1944இல் ரேசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் கும்பல் ஒன்று பாலியல் வன்கொடுமை செய்தபோது, அந்த ஊருக்கே போய் விசாரித்தவர். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இரண்டு முறை போய்த் திரும்பி, மூன்றாவது முறை, 1945இல், வெற்றி பெற்றவர். அப்போதும் சும்மா விடவில்லை. வாக்குரிமைக்கு ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வரி. 21 வயதிலிருந்து பாக்கி போட்டு 16.50 டாலர் கட்டச் சொன்னார்கள். கட்டினார். 1955 கோடையில் டென்னசி மலைப்பகுதியில், போராடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹைலாண்டர் பள்ளிக்குப் போய் இரண்டு வாரப் பயிற்சி முகாமிலும் கலந்துகொண்டார்.

டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை அவர் ஏறிய பஸ்ஸில் 36 இருக்கைகள். முன்பக்கம் 10 வெள்ளையருக்கு. அவர் அதற்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார், அதாவது விதிப்படிதான். முன்பக்கம் நிறைந்துவிட்டது, ஒரே ஒரு வெள்ளையர் நிற்கிறார். இரு நிறத்தவரும் ஒரே வரிசையில் உட்காரக் கூடாது என்பதால் அந்த ஒருவருக்காக நான்கு பேர் எழ வேண்டும். மூன்று பேர் எழுந்தார்கள். ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக், 1943இல் இதே பார்க்ஸைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டவர். முன்வாசலில் காசு போட்டுவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக ஏற மறுத்தார் என்பது அப்போது பார்க்ஸ் செய்த குற்றம்.

இப்படிப்பட்ட ஒருவரை ஏன் களைத்த தையல்காரியாகவே சொல்கிறோம்? அந்தக் காலத்தில் அந்தப் படம் உதவியது. அலபாமா அரசு 1956இல் என்.ஏ.ஏ.சி.பி.யையே மாநிலத்துக்குள் இயங்க விடாமல் தடுத்தது. ஹைலாண்டரில் படித்தவர் என்றால் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்திவிடுவார்கள். அப்பாவிப் பெண் என்று சொல்வது பாதுகாப்பாக இருந்தது. இன்று அந்தக் காரணம் இல்லை. இன்றும் அப்படியே சொல்வது அவருக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். பன்னிரண்டு ஆண்டு வேலையை ஒரு சாயங்கால அலுப்பாகச் சுருக்கிவிடுகிறோம்.

அதைவிடப் பெரிய அநியாயம் ஜோ ஆன் ராபின்சன் பெயரை விட்டுவிடுவது. அலபாமா ஸ்டேட் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. 1949இல், ஏறக்குறைய காலியாக இருந்த ஒரு பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக ஓட்டுநர் அடிக்க வருவதுபோலக் கத்த, அழுதுகொண்டே இறங்கியவர். பெண்கள் அரசியல் குழு என்று கறுப்பினப் பெண்களின் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. அதன் தலைவியாக 1954 மே 21 அன்று மேயர் கேய்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். பஸ்ஸில் நடக்கிற அவமதிப்பு நிற்காவிட்டால் புறக்கணிப்பு வரும், உங்கள் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் நாங்கள்தான் என்று. நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும், யார் எந்தப் பகுதியில் கொடுக்க வேண்டும் என்பதுவரை அந்தப் பெண்கள் யோசித்து வைத்துவிட்டார்கள். நாளும் பெயரும் மட்டும்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

பார்க்ஸ் கைதான அன்று இரவு வெகுநேரம் கழித்து வக்கீல் ஃப்ரெட் கிரே ராபின்சனிடம் விஷயத்தைச் சொல்கிறார். ராபின்சன் உடனே கல்லூரிக்குப் போகிறார். வணிகவியல் துறைத் தலைவர் ஜான் கேனன் சைக்ளோஸ்டைல் மெஷின் இருக்கும் அறையைத் திறந்துவிடுகிறார். கூட இரண்டு மாணவர்கள். ஒரு தாளில் மூன்று நோட்டீஸ் வருகிற மாதிரி ஸ்டென்சில் வெட்டி, விடியற்காலை நான்கு மணிவரை ஓட்டுகிறார்கள், பல்லாயிரம் நோட்டீஸ். 'இன்னொரு கறுப்பினப் பெண் கைதாகியிருக்கிறார்' என்று தொடங்கும் அந்த நோட்டீஸ், திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீர்கள், டாக்சியில் போங்கள், இல்லையென்றால் நடந்து போங்கள் என்கிறது. காலை எட்டு மணிக்கு ராபின்சனுக்கு வகுப்பு. அதை நடத்திவிட்டு, மாணவர்களோடு காரில் போய்ப் பள்ளிகள், கடைகள், சலூன்கள் எல்லாவற்றிலும் கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டு வருகிறார். கல்லூரி அரசுடையது, தெரிந்தால் வேலை போகும். முதல்வர் கூப்பிட்டுக் கேட்டபோது, காகிதச் செலவை எங்கள் சங்கம் கட்டிவிடும் என்று சொன்னார். கிங்கின் பெயரை ஊர் கேட்பதற்கு முன்பே நோட்டீஸ் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. அன்று பிற்பகல்தான் மாண்ட்கோமரி மேம்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கி, ஊருக்கு வந்து ஓராண்டு சொச்சமே ஆகியிருந்த 26 வயதுப் பாதிரியார் கிங்கைத் தலைவராக்குகிறார்கள்.

சரி, 381 நாட்கள் எப்படி? முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். 45 சென்ட்டுக்குக் குறைத்து வாங்கக் கூடாது என்ற பழைய விதியைப் போலீஸ் தூசி தட்டி எடுத்தது. லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 1953இல் இதேபோல ஒரு பஸ் புறக்கணிப்பு நடந்திருந்தது. அதை நடத்திய ஜெமிசன் என்ற பாதிரியாரிடம் கிங் யோசனை கேட்டார். கார் வைத்திருப்பவர்கள் முறைபோட்டு ஆட்களை ஏற்றிப்போகலாம் என்றார் அவர். ஏறக்குறைய 300 கார்கள் சேர்ந்தன. எந்தத் தெருவில் ஏற்றி எங்கே இறக்குவது? ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த இரண்டு தபால் ஊழியர்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து உதவினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் குறிக்கப்பட்டன. பிறகு சர்ச்சுகளின் பெயரிலேயே ஸ்டேஷன் வேகன்கள் வாங்கினார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் பாலிசியை ரத்து செய்தன. லண்டனில் லாயிட்ஸ் என்ற இன்சூரன்ஸ் சந்தையில் எடுத்தார்கள். போலீஸ் தொட்டதற்கெல்லாம் அபராதச் சீட்டு எழுதியது. 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30இல் போனார் என்று கிங்கையே பிடித்து உள்ளே வைத்தார்கள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வெள்ளைக்கார வீட்டம்மாக்கள் பலர் தங்கள் வேலைக்காரிகளைத் தாங்களே காரில் அழைத்துவந்தார்கள். சமையலும் பிள்ளையும் பார்க்க ஆள் வேண்டுமே. மேயர் அவர்களைக் கண்டித்துப் பார்த்தார், கேட்கவில்லை.

இதற்கெல்லாம் பணம்? வெளியூர்களிலிருந்து நன்கொடை வந்தது. உள்ளூரில் ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் இருந்தார். தன்னைப்போன்ற சமையல்காரிகளையும் வீட்டு வேலைக்காரிகளையும் சேர்த்துக்கொண்டு கோழி வறுத்து, கேக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பும் செய்து விற்று, அந்தக் காசைச் சர்ச்சில் நடக்கும் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுப்பார். அந்தக் குழுவுக்கு வைத்த பெயர் 'எங்கிருந்தும் வராத சங்கம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் எங்கிருந்தும் வரவில்லை என்று பொய் இல்லாமல் சொல்லிவிடலாம். செய்தவர், வாங்கியவர் யார் பெயரும் வெளியே வராது. புறக்கணிப்பை நடத்தியதற்காகக் கிங் மீது போட்ட வழக்கில் இதே கில்மோர் கூண்டேறிச் சாட்சி சொன்னார். வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்க ஆரம்பித்தார், கிங் உட்பட எல்லாரும் அங்கேதான் சாப்பிட வந்தார்கள்.

காந்தி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். போராட்டம் தொடங்கியபோது மாண்ட்கோமரி மக்களை ஒன்றுசேர்த்தது சர்ச். கிங் வீட்டிலேயே காவலுக்குத் துப்பாக்கிகள் இருந்தன. முதலில் வைத்த கோரிக்கைகளும் மிதமானவை: மரியாதையாக நடத்துங்கள், வந்த வரிசையில் உட்கார விடுங்கள், கறுப்பின மக்கள் வாழும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களைப் போடுங்கள். இந்தியா போய் வந்திருந்த கறுப்பின அகிம்சைப் போராளி பேயர்ட் ரஸ்டின் 1956 பிப்ரவரியில் அங்கே போனபிறகு காந்திய முறை பற்றிய பேச்சு ஆழமாகிறது. அப்போது நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் லாசன் என்ற அமெரிக்க இளைஞர் புறக்கணிப்பு பற்றிய செய்தியை அங்கேயே பேப்பரில் படித்துத் துள்ளிக் குதித்தார். ஊர் திரும்பி, நாஷ்வில் நகரில் மாணவர்களை உட்கார்த்தி, திட்டினால், துப்பினால், அடித்தால் என்ன செய்வது என்று ஒருவரையொருவர் வைத்து ஒத்திகை பார்க்க வைத்தார். 1960இல் உணவகங்களில் வெள்ளையருக்கு மட்டுமான இருக்கைகளில் போய் உட்கார்ந்த நாஷ்வில் மாணவர்கள் அந்தப் பயிற்சியில் வந்தவர்கள். காந்தியின் பங்கைத் தேட வேண்டிய இடம் அந்த ஒத்திகை அறை.

ஆனால் மாண்ட்கோமரியில் காந்தியின் பெயரை முதலில் பொதுவில் எழுதியவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உண்டு. ஜூலியட் மார்கன், நகர நூலகத்தில் நூலகர். காசை வாங்கிக்கொண்டு, ஒரு கறுப்பினப் பெண் பின்வாசலுக்குப் போவதற்குள் பஸ்ஸை எடுத்த ஓட்டுநரை, அவசரக் கயிற்றை இழுத்து நிறுத்தி, கதவைத் திறக்க வைத்தவர். புறக்கணிப்பு தொடங்கி ஒரு வாரத்தில், டிசம்பர் 12 அன்று, இதை உப்புச் சத்தியாகிரகத்தோடு ஒப்பிட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அப்புறம் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. மிரட்டல் போன்கள், வீட்டுக்கு முன்னால் சிலுவை எரிப்பு. 1957 ஜூலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காந்தியைச் சொல்லி நாம் பெருமைப்படும்போது இந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் பஸ்ஸில் பாகுபாட்டை ஒழித்தது நீதிமன்றம். ஃப்ரெட் கிரே 1956 பிப்ரவரி 1 அன்று தொடுத்த வழக்கில் பஸ் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் நவம்பர் 13இல் அதை உறுதிசெய்தது. அதே நாளில் மாண்ட்கோமரியின் உள்ளூர் நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது. ஆணை கைக்கு வந்த டிசம்பர் 20 வரை, கார்களும் இல்லாமல், பெரும்பாலும் நடந்தேதான் போனார்கள். அப்படியானால் நடந்தது வீண்தானே, வழக்கு போட்டாலே போதுமே என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வழக்கில் முதலில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். மிரட்டல் வந்ததும் ஒருவர் விலகிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரே பின்னால் நடந்துகொண்டிருந்ததால்தான் மற்ற நால்வராலும் நிற்க முடிந்தது.

அந்த நால்வரில் பார்க்ஸ் இல்லை. கிளாடெட் கால்வின் இருக்கிறார். 1955 மார்ச் 2 அன்று, பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, பள்ளி விட்டு வரும் வழியில் இதே ஊரில் பஸ்ஸில் எழ மறுத்து, விலங்கு மாட்டப்பட்டு ஜெயிலுக்குப் போனவர். வயது 15. ராபின்சனின் நோட்டீஸ் அவர் வழக்கைக் குறிப்பிடுகிறது. மேல்முறையீட்டில் நீதிபதி தந்திரமாக பஸ் பாகுபாட்டுக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டு, போலீஸைத் தாக்கினார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். அதை வைத்துச் சட்டத்தை எதிர்க்க முடியாது. சின்னப் பெண், ஏழைக் குடும்பம், பிறகு கர்ப்பம் வேறு. தலைவர்கள் அவரை முன்னிறுத்தவில்லை. வழக்கு நோக்கில் அவர்கள் கணக்கு சரியாக இருக்கலாம், ஆனால் அதன் விலையைக் கொடுத்தது அந்தப் பெண்தான். அப்படியும் 1956 மே மாதம் கூண்டேறிச் சாட்சி சொன்னார். அவர் பேரில் இருந்த அந்தப் பழைய குற்றப் பதிவை 2021இல்தான் நீக்கினார்கள், அவருடைய 82ஆம் வயதில்.

நீங்கள் திரும்ப வகுப்பெடுக்கும்போது கால்வினிலிருந்து தொடங்குங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான் அவருக்கு. பார்க்ஸும் கிங்கும் அப்புறம் வரட்டும்.