பெயர் கொடுத்தவர் வரவில்லை, கொடுக்காதவர் வந்து நிற்கிறார்: ரோல்பிளேயிங் கேம் நாளில் யாருக்கு இடம்?

கேள்வி: எங்கள் ஊரில் நண்பர்கள் சேர்ந்து டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் நாள் ஒன்று நடத்தப் போகிறோம். முன்பதிவு செய்தவர்கள் கடைசி நேரத்தில் வராமல் போவார்கள், பெயரே கொடுக்காதவர்கள் நேரில் வந்து நிற்பார்கள் என்கிறார்கள். இதை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

ராமநாதபுரத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இதை நடத்துகிறோம். கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று கடற்கரை ஊர்க்காரர்கள்தான் பாதிக்கு மேல் வருவார்கள். நான் சொல்வது இதுதான்: பெயர் கொடுக்காமல் வரப்போகிறவருக்கு முதலில் நாற்காலியை ஒதுக்குங்கள், அப்புறம் முன்பதிவைத் திறங்கள். நிறைய இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. எல்லா இடத்தையும் கூகுள் ஃபார்மிலேயே நிரப்பிவிட்டு, யாராவது வராமல் போனால் நேரில் வந்தவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கம் முன்கூட்டிப் பெயர் கொடுக்க முடிவது ஒருவிதமான ஆட்களால்தான். கல்லூரிப் பையன், ஆபீஸ் வேலைக்காரர், லீவு எப்போது என்று தெரிந்தவர். படகில் போகிற பையனுக்கு அடுத்த ஞாயிறு எப்படி இருக்கும் என்று இன்றைக்குத் தெரியாது. காற்று பலமாக வீசினால் மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் தராது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகெல்லாம் கரையில்தான். அவனுக்கு நேரம் கிடைப்பது அன்று காலையில்தான் உறுதியாகும். முதலாளி விட்டால்தான் கிளம்ப முடியும் என்கிற கடைப் பையனுக்கும் இதே கதைதான். முன்பதிவு செய்தவருக்கு மட்டும்தான் இடம் என்று வைத்தால் இவர்கள் யாருமே விளையாட முடியாது. எனக்கு இவர்கள் வேண்டும். இவர்கள் வராத கேம் நாளை நடத்த எனக்கு மனசில்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையின் மூத்தது. ஒருவர் கதையை நடத்துவார், அவரை டி.எம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், சந்தேகமான இடத்தில் பகடை முடிவு சொல்லும். அதனால் ஒரு டேபிளில் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்கார முடியாது. உங்கள் கேள்வியின் சிக்கலே அங்கேதான்.

எத்தனை பேர் என்பதற்குப் பெரிய அமைப்புகள் வைத்திருக்கும் கணக்கு உதவும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைப் பொது இடங்களில் ஆட 2014-இல் தொடங்கிய அட்வென்சரர்ஸ் லீக்கில் டி.எம் போக 3 முதல் 7 பேர். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டுக்கான பாத்ஃபைண்டர் சொசைட்டியின் இரண்டாம் பதிப்பில் 4 முதல் 6 பேர். ஏழு பேர் என்பது விதிக்குச் சரி, உட்கார்ந்திருப்பவருக்குச் சரியில்லை. சண்டைக் காட்சியில் ஆளுக்கு 2 நிமிடம் எடுத்துக்கொண்டால்கூட, ஆறு பேரும் டி.எம்மும் முடித்து உங்கள் முறை திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகிவிடும். புதிதாக வந்தவர் அதற்குள் போனை எடுத்துவிடுவார். அதனால் நாங்கள் ஒரு டேபிளுக்கு ஆறு நாற்காலி போடுகிறோம், ஃபார்மில் நான்குதான் திறக்கிறோம். மிச்சம் இரண்டும் நேரில் வருகிறவருக்கு. வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்கள் அந்த இரண்டைக் கேட்டு நச்சரிப்பார்கள். கொடுக்காதீர்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பாத்திரத்துக்கு லெவல் உண்டு, ஆட ஆட அது ஏறும். அட்வென்சரர்ஸ் லீக்கில் 1-4, 5-10, 11-16, 17-20 என்று நான்கு அடுக்கு. முதல் லெவல் பாத்திரத்தோடு உட்காரும் புதியவருக்கு முதல் அடுக்கு டேபிள்தான். பழைய ஆட்கள் எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள் என்று எல்லா டேபிளையும் இரண்டாம் அடுக்கில் போட்டீர்களானால், நாற்காலி காலியாக இருந்தும் வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். எத்தனை மாதம் ஆனாலும் ஒரு டேபிளாவது முதல் அடுக்கில் இருக்கட்டும்.

அப்புறம், தயார் பாத்திரங்கள். வந்த ஆளை உட்கார வைத்துப் புதிதாகப் பாத்திரம் உருவாக்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். நாங்கள் வீரன், மதகுரு, திருடன், மந்திரவாதி என நான்கு முதல் லெவல் பாத்திரங்களை அரைப் பக்கத்தில் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறோம். வீரனின் தாளில் பெரிய எழுத்தில் மூன்று எண்தான் இருக்கும்: உயிர் 12, கவசம் 16, வாளுக்குப் பகடையோடு 5 கூட்ட வேண்டும். மற்றதெல்லாம் பின்பக்கம். தாளோடு ஒரு பென்சிலும் இருபது முகப் பகடையும் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஆள் தயார். தமிழில் போட உரிமைச் சிக்கல் வருமோ என்று பயப்பட வேண்டாம். 2023 ஜனவரியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். எங்கிருந்து எடுத்தது, என்ன உரிமம், என்ன மாற்றினோம் என்று தாளின் அடியில் குறிப்பிட்டுவிட்டால் அதை மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம்.

ஃபார்மைப் பற்றி. வார்ஹார்ன் மாதிரித் தளங்கள் இதற்கென்றே இருக்கின்றன, வெயிட்டிங் லிஸ்டையும் அவையே பார்த்துக்கொள்ளும். எங்கள் ஆட்களுக்கு வாட்ஸ்அப்பும் கூகுள் ஃபார்மும்தான் கைவந்தது. பெயர், முன்பு விளையாடியது உண்டா, பாத்திரத்தின் லெவல் இதெல்லாம் வழக்கம்போல. நாங்கள் கூடுதலாகக் கேட்பது இரண்டு. எந்த ஊரிலிருந்து எந்த நேரத்துப் பஸ்ஸில் வருகிறீர்கள்? யாரோடு ஒரே டேபிளில் உட்கார வேண்டும்? இரண்டாவது கேள்வியைச் சேர்த்த பிறகுதான் பெண்கள் வருவது கூடியது. அக்கா தங்கை, தோழிகள் என்று சேர்ந்து வருகிறவர்களை ஆளுக்கொரு டேபிளில் பிரித்துப் போட்டால் அடுத்த மாதம் இருவருமே வர மாட்டார்கள். கூட வரும் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சுவரோரம் நாற்காலியும் டீயும் உண்டு.

சனிக்கிழமை இரவு 8 மணிக்குள் குரூப்பில் ‘வருகிறேன்’ என்று போட வேண்டும். போடாதவரின் இடம் வெயிட்டிங் லிஸ்டில் அடுத்தவருக்குப் போகும். முன்பணம் வாங்கினால் வராதவர்கள் குறைவார்கள் என்று ஒரு யோசனை வந்தது. ஐம்பது ரூபாயை யோசிக்கிற பையனும் சேர்ந்து நின்றுவிடுவான் என்பதால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லாமல் இரண்டு முறை வராதவருக்கு அடுத்த மாதம் முன்பதிவு கிடையாது, நேரில் வந்து வரிசைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அது போதும்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். காலை ஆட்டம் 10 மணிக்கு, மத்தியானம் இன்னொன்று. 10:15 வரை பெயர் கொடுத்தவருக்காக நாற்காலி காத்திருக்கும். 10 மணிக்குள் போன் செய்து பஸ் தாமதம் என்று சொன்னால் 10:30 வரை. ராமேஸ்வரம் தீவிலிருந்து வருகிறவர்களுக்கு இருக்கிற சாலைப் பாலம் ஒன்றுதான், வேடிக்கை பார்க்க வண்டிகளை நிறுத்திவிட்டால் பஸ் நகராது. அது அவர்கள் தப்பில்லை. இந்த விதி ஃபார்மின் தலைப்பிலேயே இருக்க வேண்டும், வாசலிலும் ஒட்டியிருக்க வேண்டும். வாயால் மட்டும் சொன்ன விதி வாசலில் சண்டையாகத்தான் முடியும்.

நேரில் வருகிறவர்களுக்கு வந்த வரிசையில் நம்பர் போட்ட சீட்டு. 10:15-க்கு ஒதுக்கிய நாற்காலிகளும், போன் செய்யாமல் வராதவர்களின் நாற்காலிகளும் சீட்டு வரிசைப்படி நிரம்பும். இது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. 1968-இல் லேக் ஜெனீவாவில் தொடங்கி இப்போது இண்டியானாபோலிஸில் நடக்கும் ஜென் கான் என்ற அமெரிக்க கேம் விழாவில், இடம் கிடைக்காதவர்கள் பொதுச் சீட்டு வாங்கிக்கொண்டு டேபிளருகே நிற்பார்கள். பதிவு செய்தவர் வரவில்லையென்றால் அவர்கள் உட்காரலாம்.

இனி, கஷ்டமான நிமிடம். 10:25-க்குப் பெயர் கொடுத்தவர் மூச்சு வாங்கப் படியேறி வருகிறார், போன் செய்யவில்லை. அவர் இடத்தில் பாம்பன் பையன் ஒருவன் வீரனின் தாளோடு உட்கார்ந்து முதல் பகடையை உருட்டிவிட்டான். என்ன செய்வீர்கள்? உட்கார்ந்தவனை எழுப்பவே கூடாது. தாமதமாக வந்தவர் பழகிய ஆளாக இருந்தாலும், குழுவில் மூத்தவராக இருந்தாலும் கூடாது. எங்கள் வாசல் மேஜையில் இருப்பவர் கீழக்கரைக்காரர், சின்னப் பையன்கள் எல்லோருக்கும் அவர் ‘காக்கா’தான், அதாவது அண்ணன். "என்ன காக்கா, நான் பேர் குடுத்திருந்தேன்ல" என்று தாமதமாக வந்தவன் முகம் சுருங்கினால், "பத்தே காலுக்கு சீட்டு போயிருச்சு வாப்பா. மத்தியான ஆட்டத்துக்கு மொத ஆளு நீதான், இந்தா எழுதிட்டேன்" என்று அவன் கண்ணெதிரே பெயரை எழுதுவார். கண்ணெதிரே எழுதுவதில்தான் காரியம் இருக்கிறது. வெறுமனே ‘பார்க்கலாம்’ என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுப்பக் கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்று பலமாக இருந்து டோக்கன் கொடுக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படி வந்து உட்கார்ந்த ஒரு பையன் முதல் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. கதையில் அவர்கள் போகும் பாய்க்கப்பல் புயலில் மாட்டுகிறது. பழைய ஆட்கள் எல்லோரும் மந்திரம் போடலாமா, பாயை அறுக்கலாமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இவன் மெதுவாகச் சொன்னான்: "மொதல்ல அணியத்தக் காத்துக்கு நேராத் திருப்புங்கண்ணே. பக்கவாட்டுல அலை வாங்குனா கவுந்துரும். பாய அப்புறம் பாத்துக்கலாம்." அணியம் என்றால் கப்பலின் முன்பக்கம். டி.எம் யோசிக்கவே இல்லை, இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள் என்றார். அவன் 19 போட்டான். அதற்கப்புறம் அந்தக் கப்பலை அவன்தான் ஓட்டினான். சாயங்காலம் வரை மற்றவர்கள் ‘அணியம்’, ‘கச்சான்’ (மேற்குக் காற்று) என்று அவனிடம் கேட்டுக் கேட்டுப் பேசினார்கள்.

இடமே இல்லாமல் போனவர்களை என்ன செய்வது? ஒரு டி.எம்மை எந்த டேபிளும் கொடுக்காமல் சும்மா வைத்திருங்கள். மூன்று சீட்டு மிஞ்சினால் அவர் புது டேபிள் போடுவார். ஒருவர், இருவர்தான் மிஞ்சினார்கள் என்றால் அவர்களை வைத்து ஒரே ஒரு அறை, ஒரே ஒரு சண்டை என்று அரை மணி நேரக் கதை ஒன்றை நடத்துவார். அப்புறம் விருப்பப்பட்டால் ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் டி.எம் பக்கத்தில் உட்காரலாம். சும்மா பார்க்கச் சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். யார் முறை என்று எழுதுவது, பூதங்களுக்குப் பகடை உருட்டுவது. மத்தியான ஆட்டத்தில் இவர்களுக்கு முன்னுரிமை. காலையில் விளையாடியவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் இவர்களுக்குப் பின்னால்தான்.

எதிர்ப்பக்கமும் நடக்கும், ஆளே வராத நாள். மூன்று பேருக்குக் கீழே போன டேபிளை நடத்த முயலாமல் உடனே பக்கத்து டேபிளோடு சேர்த்துவிடுங்கள். எந்த டேபிள் எதோடு சேரும் என்பதை முதல் நாளே டி.எம்களிடம் பேசி வைத்துவிட்டால் போதும்.

தேதியையும் பார்த்து வையுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி ராமேஸ்வரம் பக்கம் பஸ்ஸில் கால் வைக்க முடியாது, அந்த வாரம் வேண்டாம். ரமலானில் பகல் ஆட்டம் வைத்தால் கீழக்கரை, தேவிபட்டினம் ஆட்கள் பாதிப் பேர் வர மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பள்ளி விடுமுறையும் அதோடு சேரும். அந்த இரண்டு மாதமும் ஃபார்மில் டேபிளுக்கு மூன்று இடம் மட்டும் திறந்துவிட்டு மீதியை வாசலுக்கு விடுகிறோம்.

கிளம்பும்போது நேரில் வந்தவரிடம் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள், அவர் விளையாடிய தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். பெயரும் அன்று கிடைத்த பொருளும் அதில் எழுதியிருக்க வேண்டும். அடுத்த மாதம் படகு போகாத நாளில் அவர் அதே தாளோடு வந்தால், வாசல் மேஜையில் பாத்திரத்தின் பெயரைச் சொல்லியே சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.