எரிந்தது இந்தக் கட்டடமா?

கேள்வி: ஐயா, பத்து வயது மகனை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். "அம்மா, எரிஞ்சது இதுவா? புதுசாக் கிடக்குதே!" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: பிள்ளை, "இதேதான்" என்று மகனிடம் சொல்லுங்கள். வெள்ளை பூசித் திருத்தியிருக்கிறார்கள், அதனால்தான் அவனுக்குப் புதிதாகத் தெரிகிறது.

ஆனால் நூலகம் இந்தக் கட்டடத்தில் தொடங்கவில்லை. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு வந்தார்கள். அப்போது இருந்தவை 844 புத்தகங்கள். 1935இல் நகரசபை பொறுப்பேற்றது.

சொந்தக் கட்டடம் வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர்களில் சம் பத்திரிசிரியார் (சென் பற்றிக்ஸ்) கல்லூரி அதிபர் லோங் அடிகளாரை மறக்கக் கூடாது. நூலகவியலில் பெரும் பெயர் பெற்ற எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் போட்டார். 1959 அக்டோபர் 11ஆம் திகதி மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார்.

சிறுவர் பகுதி 1967இல் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து போவேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே கால் வைத்ததும் தரை சில்லென்று இருக்கும். கோயிலுக்குள் போவதுபோல அப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்தச் சில்லிப்பு இப்போதும் உள்ளங்காலில் இருக்கிறது.

1981 மே 31 இரவு தீ வைத்தார்கள். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கிய நேரம். நகருக்குக் கொண்டுவரப்பட்டிருந்த பொலிஸார் அதில் பங்குகொண்டதாகப் பல பதிவுகள் உண்டு. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் சம் பத்திரிசிரியார் கல்லூரி மேல்மாடியில் நின்று அந்தத் தீயைப் பார்த்து, அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். நான் அப்போது கொழும்பில் வேலையில் இருந்தேன். ஜூன் நடுவில் ஊருக்கு வந்தபோது அப்பா என்னை அங்கே கூட்டிப் போனார். வாசலில் நின்றோம், இருவரும் ஒன்றும் பேசவில்லை. சுவர்கள் நின்றன, பிள்ளை. அதைத்தான் மகனுக்குச் சொல்ல வேண்டும்.

1984இல் மறுபடி திறந்தார்கள். கோட்டை பக்கத்திலேயே இருந்ததால் சண்டை வந்ததும் ஷெல்லும் குண்டும் அந்தச் சுவர்களில்தான் விழுந்தன. 1998இல் "புத்தகமும் செங்கல்லும்" என்ற பெயரில் மக்களிடம் சேகரித்து அரசாங்கம் கட்டடத்தைத் திருத்த ஆரம்பித்தபோது, கருகிய கட்டடத்தை நினைவுச்சின்னமாக அப்படியே விட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. பிறகு, பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் படியேறிப் போவதைப் பார்த்தபின் மாற்றிக்கொண்டேன்.

கேள்வி: யாழ்ப்பாண வைபவமாலை அன்றைக்கு அழிந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: நூல் அழியவில்லை. யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்றைச் சொல்லும் மயில்வாகனப் புலவரின் அந்த நூலைப் பிரிட்டோ 1879இலேயே ஆங்கிலத்தில் வெளியிட்டார். குல. சபாநாதன் பதிப்பித்த தமிழ்ப் புத்தகமும் உண்டு. அச்சுக்கு வந்ததால் தப்பியது. அச்சேறாத ஏடுகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய ஏடோ, கோயில் மலரோ, கையெழுத்துப் பிரதியோ கிடந்தால் தயவுசெய்து எரிக்கவோ பழைய பேப்பருக்குப் போடவோ வேண்டாம். 2005 முதல் நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறார்கள். அவர்களிடம் ஒருமுறை காட்டிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.