‘ஹோம்லி’ என்று எழுதலாமா, ஆச்சி?

ஆட்களின் குணத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவளுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. வந்த கேள்விகளில் கல்யாணப் பேச்சுக்குத்தான் முதலிடம். நம் ஊர்ப்பக்கம் ஆயிற்றே!

கானாடுகாத்தான், ஒரு தாயார்: ஆச்சி, மகளுக்கு அமெரிக்காவில் ஒரு வரன் வந்திருக்கிறது. பயோடேட்டாவில் ‘ஹோம்லி, இன்னசென்ட், அட்ஜஸ்டபிள்’ என்று எழுதியிருந்தோம். மாப்பிள்ளையின் தங்கை சிரித்துவிட்டாளாம். என்ன தப்பு?

மூன்றுமே சிக்கல்தான். ‘ஹோம்லி’ என்றால் நமக்கு வீட்டோடு ஒட்டிய, அடக்கமான பெண். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு ‘பார்க்க அவ்வளவு லட்சணமில்லை’ என்று பொருள். அந்தப் பெண் அங்கேயே வளர்ந்தவளாக இருக்கும், சிரிக்காமல் என்ன செய்வாள்? ‘ஃபேமிலி-ஓரியன்டட்’ என்று போடுங்கள், வம்பில்லை.

‘இன்னசென்ட்’ என்று எழுதினால், உலகம் தெரியாத பிள்ளை என்று எடுத்துக்கொள்வார்கள். கள்ளங்கபடம் இல்லாதவள் என்று சொல்லத்தானே நினைத்தீர்கள்? அதற்கு ‘கைல்லெஸ்’ இருக்கிறது, ஆனால் அது புத்தகச் சொல். தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாதவள் என்றால் ‘அன்அஸ்யூமிங்’. பயோடேட்டாவுக்கு அது அழகாகப் பொருந்தும்.

‘அட்ஜஸ்டபிள்’ என்பது நாற்காலிக்குச் சொல்வது, உயரத்தை ஏற்றி இறக்கலாம் என்று. மனுஷிக்கு ‘அடாப்டபிள்’. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பையன் பயோடேட்டாவில் ‘ஆம்பிஷஸ்’ என்றும், பெண் பயோடேட்டாவில் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வாள்’ என்றும் எழுதுகிற பழக்கத்தையே விடலாம். உங்கள் மகள் என்ன படித்தாள், எதை விரும்பிச் செய்கிறாள் என்று இரண்டு வரி எழுதினால் குணம் தன்னால் தெரியும்.

தேவகோட்டை, கல்லூரி மாணவி: எங்கள் ஐயாவைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் கணக்கு எழுதுவார், பார்சல் கயிற்றைக்கூடச் சுற்றி வைப்பார். ஆனால் யார் பிள்ளைக்குப் படிப்புச் செலவு என்றாலும் யோசிக்காமல் கொடுப்பார். ‘ஸ்டிஞ்சி’ என்று எழுதலாமா?

கூடவே கூடாது! ஐயா ‘ஃப்ரூகல்’. தனக்கென்று வரும்போது கையை இறுக்குகிறவர் ஃப்ரூகல், அடுத்தவருக்குக் கொடுக்கும்போது இறுக்குகிறவர் ஸ்டிஞ்சி. ‘த்ரிஃப்டி’ என்பது ஃப்ரூகலுக்குப் பங்காளி. ஆனால் அதில் பணத்தைக் கெட்டிக்காரத்தனமாக நடத்துகிறவர் என்ற பாராட்டும் சேர்ந்திருக்கும். செழிப்பதைக் குறிக்கும் ‘த்ரைவ்’ என்ற சொல்லோடு அதற்கு வேர் உறவு உண்டு. பெட்டியடியில் உட்கார்ந்து தொழில் பழகிய தலைமுறைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆளுக்கு ‘டைட்-ஃபிஸ்டட்’, ‘மைசர்லி’. கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டுத் திட்ட வேண்டுமென்றால் ‘பார்சிமோனியஸ்’.

இங்கிலாந்துத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948இல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் இதை வேடிக்கையாக இலக்கண வாய்பாடு மாதிரி சொன்னார்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் சொன்னால் கேட்காத முட்டாள். குணம் ஒன்றுதான், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில்தான் சொல் மாறுகிறது. நீயும் செய்து பார்: நான் த்ரிஃப்டி, நீ கொஞ்சம் டைட், அவன் மைசர். குணச்சொல் எது புதிதாகக் கண்ணில் பட்டாலும், அது மூன்றில் எந்த இடத்தில் உட்காரும் என்று பார்த்துவிட்டு எடு. அகராதியில் பொருள் மட்டும் பார்த்து எடுத்தால் ஐயாவைக் கஞ்சனாக்கிவிடுவாய்.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: ‘ஜோவியல் டைப்’ என்கிறோமே, சரியான ஆங்கிலம்தானா?

ஜோவியல் நல்ல சொல்தான் அண்ணே, ‘டைப்’பை மட்டும் எடுத்துவிட்டு ‘ஜோவியல் மேன்’ என்று சொல்லுங்கள். இதன் பின்னால் ஒரு ஜாதகமே இருக்கிறது. ரோமானியரின் ஜோவ்தான் ஜூபிடர், அதாவது நம் குரு பகவான். குருவின் ஆதிக்கத்தில் பிறந்தவன் கலகலப்பானவன் என்று ஐரோப்பியச் சோதிடர்கள் நம்பினார்கள். சனி பிடித்தவன் ‘சாட்டர்னைன்’, முகத்தில் சிரிப்பே இல்லாமல் இறுகிப்போயிருப்பவன். புதனின் ஆள் ‘மெர்க்யூரியல்’. நம் சோதிடத்தில் புதன் என்றால் கணக்கும் புத்தியும். இன்றைய ஆங்கிலத்திலோ நேரத்துக்கொரு மனநிலையில் இருப்பவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். காலையில் கட்டிப்பிடிப்பார், மதியம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். செவ்வாயிலிருந்து வந்தது ‘மார்ஷியல்’, போர்க்குணம். சந்திரனிலிருந்து ‘லூனடிக்’, அது வசவு, வேண்டாம். சுக்கிரன் பெயரில் வந்த ஒரு சொல்லை டாக்டர் அறைக்கு வெளியே யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

காரைக்குடி, பெயர் வேண்டாம் என்றவர்: என் வீட்டுக்காரர் பேசவே மாட்டார். ‘சைலன்ட்’ தவிர வேறு சொல் உண்டா?

நிறைய. பழகும்வரை பேசாதவர் ‘ரிசர்வ்ட்’. மனதில் இருப்பதை வெளியே விடாதவர் ‘ரெட்டிசென்ட்’. இயல்பிலேயே வாய் திறக்காதவர் ‘டாசிடர்ன்’, இதில் சிடுசிடுப்பும் கொஞ்சம் உண்டு. பேசினாலும் ஒரே சொல்லில் அடித்துவிட்டுப் போகிறவர் ‘லக்கானிக்’. பழங்காலக் கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா நகரம் இருந்த நாட்டுப்பகுதி லக்கோனியா, அதன் பெயரிலிருந்து வந்த சொல் இது. மாசிடோனிய மன்னன் பிலிப், ‘நான் உங்கள் நாட்டுக்குள் நுழைந்தால் ஊரையே தரைமட்டமாக்குவேன்’ என்று மிரட்டினானாம். ஸ்பார்ட்டாக்காரர்கள் அனுப்பிய பதில், ‘நுழைந்தால்’. அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்காரர் இந்த ரகமென்றால் கவலைப்படாதீர்கள், ரசிக்கலாம்.

ஆத்தங்குடி, டிப்ளமோ முடித்த தம்பி: சென்னையில் இன்டர்வியூ. ‘ஐ ஆம் வெரி சின்சியர்’ என்று சொன்னால் போதுமா?

போதாது தம்பி. நாம் உழைப்பாளியைச் ‘சின்சியர்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது மனதில் உள்ளதையே பேசுகிறவருக்கு. யாரும் பார்க்காவிட்டாலும் வேலையைச் சரியாகச் செய்கிறவர் ‘கான்ஷியன்ஷஸ்’, நுணுக்கம் தவறாதவர் ‘மெட்டிக்யூலஸ்’.

சொல்லை மட்டும் சொன்னால் கேட்கிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். உங்கள் வீட்டில் டைல்ஸ் செய்து விற்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதையே சொல்லேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து நிறக்கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கும்போது ஒரு நிறம் இன்னொன்றில் கலங்கிவிட்டால் அந்தக் கல்லை விற்பனைக்கு அனுப்பாமல் ஒதுக்கிவிடுவோம் என்று சொல். அதற்கப்புறம் ‘மெட்டிக்யூலஸ்’ என்றால் நம்புவார்கள்.

கண்டனூர், பள்ளி ஆசிரியை: ‘சிப் ஆஃப் தி ஓல்ட் பிளாக்’, ‘சிப் ஆன் த ஷோல்டர்’ இரண்டும் ஒன்றா?

ஐயோ, இல்லை! முதலாவது, அப்பாவை உரித்து வைத்த பிள்ளை. இரண்டாவது, யாரோ தன்னை மட்டம் தட்டிவிட்டார்கள் என்ற குறையிலேயே எப்போதும் சண்டைக்கு நிற்கிறவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், சண்டைக்கு அலைகிற பையன் தோளில் ஒரு மரச்சில்லை வைத்துக்கொண்டு ‘தைரியமிருந்தால் தட்டிவிடு பார்ப்போம்’ என்று நிற்பான். அதிலிருந்து வந்தது. பெற்றோர் கூட்டத்தில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

கானாடுகாத்தான், ஹெரிடேஜ் ஓட்டல் ஊழியர்: எங்கள் சமையல்காரரை வெளிநாட்டு விருந்தினர்களுக்கு ‘ரஃப் டயமண்ட்’ என்று அறிமுகப்படுத்தலாமா? நல்ல மனிதர், பேச்சுதான் கரடுமுரடு.

அவர் இல்லாத இடத்தில் பாசமாகச் சொன்னால் சரி. நேரில் வைத்துச் சொன்னால், ‘நாகரிகம் பத்தாது’ என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ என்று சொல்லுங்கள், அவர் முன்னாலேயே சொல்லலாம். பைபிளிலிருந்து வந்த ‘சால்ட் ஆஃப் தி எர்த்’தும் எளிமையான, நம்பகமான மனிதருக்குச் சொல்வதுதான். ஆனால் சமையல்காரரைப் போய் உப்பு என்றால் விருந்தினர் குழம்பைச் சந்தேகப்படுவார்கள்.

புதுவயல், வியாபாரி: எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எதைச் சொன்னாலும் ‘நடக்காது’ என்பார். அவர் ‘டெவில்ஸ் அட்வகேட்’டா?

இல்லை, அவர் ‘நேசேயர்’. டெவில்ஸ் அட்வகேட் கௌரவமான வேலை. கத்தோலிக்கத் திருச்சபையில் 1983க்கு முன்பெல்லாம் ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்குமுன், அதற்கு எதிராக வாதாடவே ஒருவரை நியமித்துவந்தார்கள். அவருக்குத்தான் அந்தப் பெயர். யோசனையைச் சோதிக்க வேண்டும் என்பதற்காக எதிர்ப்பக்கம் நின்று பேசுகிறவர் அவர். உங்கள் ஆள் காரணம் சொல்கிறாரா, வெறுமனே ‘நடக்காது’ என்கிறாரா? காரணம் சொன்னால் டெவில்ஸ் அட்வகேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் பெருமையாக இருக்கும். எல்லோரும் சந்தோஷமாகச் சுற்றுலாத் திட்டம் போடும்போது ‘மழை வரும்’ என்கிறவர் மட்டும்தான் ‘வெட் பிளாங்கெட்’.