'ஹோல் நைன் யார்ட்ஸ்': தோட்டாப் பட்டைக் கதை உண்மையா?

'ஹோல் நைன் யார்ட்ஸ்' (the whole nine yards, சொல்லுக்குச் சொல் 'முழு ஒன்பது கஜம்') என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அமெரிக்க மேலாளர் மெயிலில் "ஹோல் நைன் யார்ட்ஸ் வேண்டும்" என்று கேட்டிருந்தால், அறிக்கையை ஒன்றுவிடாமல் முழுசாக அனுப்பச் சொல்கிறார். சுருக்கத்தை அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் நண்பர் சொன்ன இரண்டாம் உலகப்போர்க் கதை, அதாவது போர் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை 27 அடி (ஒன்பது கஜம்) நீளம், அதிலிருந்துதான் இந்தத் தொடர் வந்தது என்பது, கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் நிற்காது. 1907லேயே இண்டியானா மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் 'ஃபுல் நைன் யார்ட்ஸ்' வந்துவிட்டது. அப்போது போர் விமானமே கிடையாது. 1912ல் கென்டக்கிப் பத்திரிகை ஒன்றில் 'ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்' என்று இருக்கிறது. எண்ணே மாறுகிறதென்றால் எந்தப் பட்டையைப் போய் அளப்பது? சும்மா சேர்த்துக்கொண்ட எண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், மேலாளருக்கு எழுதும் பதிலில் நீங்களும் அந்தத் தொடரையே எழுத வேண்டாம். 'கம்ப்ளீட் ரிப்போர்ட்' போதும்.