புல்தரையில் குப்புற விழுந்த குட்டி விமானம்

கேள்வி: புல் மைதானம் ஒன்றில் ஒரு குட்டி விமானம் அழகாக இறங்கி, வேகம் குறைந்து, நிற்கப்போகிற நேரத்தில் மூக்கு குத்திக் கவிழ்ந்ததை வீடியோவில் பார்த்தேன். இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை, கடைசியில் ஏன் அப்படி ஆனது?
– ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்: பயிற்சி விமானங்களுக்கு இருபத்தாறு வருடம் மெக்கானிக்காக இருந்தவன் நான். நீங்கள் சரியான இடத்தைத்தான் கவனித்திருக்கிறீர்கள்.

தரையைத் தொட்ட பிறகும் சில நொடிகள் இறக்கைதான் விமானத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். வேகம் குறையக் குறைய எடை முழுவதும் சக்கரங்களுக்கு வந்துவிடும். செஸ்னா 172 என்கிற குட்டி விமானம் என்றால் ஏறக்குறைய ஒரு டன், அதைச் சுமப்பவை மூன்றே சின்ன டயர்கள். மண் நெகிழ்ந்திருந்தால் சக்கரம் புதையும், உடம்போ வந்த வேகத்தில் முன்னே போகும். ஓடுகிறவன் கால் இடறினால் குப்புற விழுவானே, அதுதான். மூக்கைத் தூக்கிப் பிடிக்க வாலுக்குக் காற்று வேண்டும். வேகம் போன பிறகு அந்தக் காற்றும் இல்லை.

அந்த நேரத்தில் பதறிப்போய் பிரேக்கை மிதித்தால் எடை இன்னும் முன்சக்கரத்தில் போய் விழும். அதனால்தான் சேற்றுத் தரையில் முடிந்தவரை மெதுவாக, பின்சக்கரங்களில் இறங்கி, மூக்கைத் தூக்கும் கன்ட்ரோலை வயிற்றோடு இழுத்துப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல் ஓடவிடச் சொல்லிக்கொடுப்பார்கள். ஈரப்புல் இன்னொரு தொல்லை. அங்கே சக்கரம் புதையாது, வழுக்கும். நிற்க வழக்கத்தைவிட 35 சதவீதம் கூடுதல் தூரம் கணக்கில் வையுங்கள் என்பது பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அறிவுரை.

மழை விட்ட மறுநாள் எங்கள் விமானம் ஒன்று இப்படித்தான் மூக்கு குத்தி நின்றது. ஓட்டிய பையனுக்குக் காயமில்லை. சக்கரத்தின் மேல்மூடியைக் கழற்றினேன், உள்ளே களிமண் இறுகி சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தித்தான் எடுக்க முடிந்தது. மழைக்காலத்தில் அந்த மூடிகளை முன்பே கழற்றி வைத்திருக்க வேண்டும். புரொப்பெல்லரின் நுனி மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. பார்க்கச் சின்ன அடி, ஆனாலும் இன்ஜினைப் பிரித்து, புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டைச் சோதிக்காமல் அதைப் பறக்கவிட நான் சம்மதிக்கவில்லை. அவசரப்படுத்தினார்கள், பரவாயில்லை என்றிருந்தேன்.

பிரிட்டிஷ் பெண் விமானி ஏமி ஜான்சனுக்கும் இதுபோல நேர்ந்திருக்கிறது. 1930 மே மாதம், 26 வயதில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்தபோது, மழையில் ரங்கூன் குதிரைப் பந்தய மைதானத்தைத் தேடியவர், பக்கத்து இன்சைனில் ஒரு கல்லூரி விளையாட்டு மைதானத்தை அதுவென்று நினைத்து இறங்கிவிட்டார். அவருடைய ஜிப்ஸி மாத் விமானத்துக்கு பிரேக் கிடையாது. ஓடிய விமானம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியது. இறக்கை கிழிந்தது, புரொப்பெல்லர் உடைந்தது. கல்லூரிக்காரர்கள் கூடிச் செப்பனிட்டார்கள். முதல் உலகப்போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் சிலரிடம் இருந்தன, அவற்றை வெட்டி இறக்கையில் ஒட்டினார்கள். நல்லவேளையாக மாற்று புரொப்பெல்லர் ஒன்றை விமானத்திலேயே கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு கிளம்பி, மே 24 அன்று டார்வினில் இறங்கினார்.