இறால் படாத நாளில் முதலாளி பொய்யரா?

(‘இப்படி இருந்தால் அப்படி’ என்ற நிபந்தனைக் கூற்றுகள் பற்றி நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குக் கணக்கு டீச்சர் ஒருவரின் பதில்கள்.)

தங்கச்சிமடம், பிளஸ் டூ மாணவி: டீச்சர், வாக்கியத்தைத் திருப்பிப் போட்டால் எது நிபந்தனை, எது விளைவு என்று குழம்பிவிடுகிறது.

எது முதலில் வருகிறது என்று பார்க்காதே பாப்பா, ‘ஆல்’ எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார். டோக்கன் என்பது விசைப்படகு கடலுக்குப் போகத் தரும் அனுமதிச் சீட்டு. ‘காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் கிடையாது.’ இதையே ‘டோக்கன் கிடையாது, காற்று எச்சரிக்கை வந்தால்’ என்றாலும் எச்சரிக்கைதான் நிபந்தனை. விளைவை எழுதும்போது ‘கிடையாது’வை விட்டுவிடாதே. பரீட்சையில் பாதிப் பேர் ‘டோக்கன்’ என்று மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள்.

பாம்பன், நாட்டுப்படகு வைத்திருப்பவர்: மீன்பிடித் தடைக்காலம் என்றால் விசைப்படகு போகாது. இன்றைக்கு எல்லாம் கட்டிக் கிடக்கிறது, அப்போ தடைக்காலம்தானே? என் மகன் தப்பு என்கிறான்.

மகன் சொல்வதுதான் சரி அண்ணே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் போகாது, வாஸ்தவம். ஆனால் வேலைநிறுத்தம் என்றாலும் கட்டித்தான் கிடக்கும், காற்று என்றாலும் அப்படித்தான். நீங்கள் சொன்னது மறுதலை, அதாவது நிபந்தனையையும் விளைவையும் இடம் மாற்றிப் போட்ட கூற்று. மூலக்கூற்று உண்மையாக இருப்பதால் மறுதலையும் உண்மையாகிவிடாது. ‘தடைக்காலம் இல்லை, அதனால் படகு போயிருக்கும்’ என்பதும் அதே தப்புதான். நிபந்தனை, விளைவு இரண்டையும் மறுத்து, இடமும் மாற்றினால் மட்டும் நிற்கும்: விசைப்படகு முறைப்படி போயிருந்தால், அது தடைக்காலம் இல்லை.

மண்டபம், கல்லூரி மாணவர்: ஒரு கூற்று எப்போது உண்மை, எப்போது பொய் என்று காட்டும் மெய் அட்டவணையில், நிபந்தனை பொய்யானால் முழுக் கூற்றும் உண்மை என்று இருக்கிறது. மனசு ஒப்பவில்லை மேடம்.

எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது தம்பி. படகு முதலாளி ஒருவர், ‘இறால் நல்லாப் பட்டால் ஆளுக்கு ஆயிரம் கூடத் தருகிறேன்’ என்கிறார். இறால் பட்டது, கொடுத்தார்: சொன்ன சொல் நின்றது. பட்டது, கொடுக்கவில்லை: பொய்யர். படவே இல்லை, கொடுக்கவும் இல்லை: அவரை யாராவது பொய்யர் என்பார்களா? படாமலே, பெருநாள் வருகிறதே என்று கொடுத்துவிட்டார் என்றாலும் வாக்கு மீறவில்லை. சொல் உடைவது, பட்டும் கொடுக்காத அந்த ஒரே வரியில்தான். அட்டவணையில் உண்மை, பொய் இரண்டைத் தவிர மூன்றாவது கட்டம் இல்லாததால் மற்ற மூன்றும் உண்மைப் பக்கம் போகின்றன.

இருந்தாலும் உன் உறுத்தல் நியாயமானது. ‘ராமேஸ்வரம் மலைநாடு என்றால் நான் கலெக்டர்’ என்பதும் இந்தக் கணக்கில் உண்மையாகிவிடும்! 2,000 வருடத்துக்கு முன்பே கிரேக்கத்தில் ஃபிலோ என்ற தத்துவ அறிஞர் இந்த விளக்கத்தைச் சொல்ல, அவருடைய குருவான டியோடோரஸே ஒத்துக்கொள்ளவில்லை. கூரைமேல் காகங்கள்கூட எந்த நிபந்தனை சரி என்று கரைவதாகக் கவிஞர் கல்லிமாக்கஸ் கிண்டலடித்தார். கணிதத்துக்கு ஃபிலோ கணக்கே வசதி, அதனால் அது நிலைத்துவிட்டது.

தொண்டி, டிப்ளமோ படிப்பவர்: ‘டோக்கன் வாங்கினால் போகலாம்’, ‘வாங்கினால்தான் போகலாம்’ இரண்டும் ஒன்றா?

இல்லை. ‘தான்’ சேர்ந்ததும், நிபந்தனையிலிருந்து விளைவுக்குப் போடும் அம்புக்குறி திரும்பிவிடும்: விசைப்படகு முறைப்படி கடலுக்குப் போயிருந்தால் டோக்கன் வாங்கியிருக்கிறது. டோக்கன் கையில் இருந்தும் என்ஜின் மக்கர் செய்தால் கரையில்தான்.

கீழக்கரை, இல்லத்தரசி: நிபந்தனைதான் காரணமா?

இருக்கவேண்டிய அவசியம் இல்லை அக்கா. ‘கொடி படபடத்தால் காற்று அடிக்கிறது’ என்கிறோம். கொடியா காற்றை அடிக்க வைக்கிறது?